சிலிக்கான் ஆனோடின் ஆயுளும் அரைக்கலச் சோதனை மறைக்கும் இழப்பும்

லித்தியம் அயனி மின்கலங்களில் ஆனோடாகப் பெரிதும் பயன்படும் கிராஃபைட்டின் கோட்பாட்டுக் கொள்திறன் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணி. சிலிக்கானுக்கு அறை வெப்பநிலையில் இது ஏறத்தாழ 3,579. (பாடநூல்கள் ‘நேர்மின்வாய்’ என்கின்றன. மின்கலத்தில் அம்முனை எதிர்க்குறி உடையதாதலின் இங்கு ‘ஆனோடு’ என்றே வழங்கப்படுகிறது.)

ஆனால் லித்தியத்தை முழுமையாக ஏற்ற சிலிக்கானின் பருமன் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. இதனால் துகள் பிளவுறும். 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் யி சுய் குழுவினர் நானோகம்பி வடிவில் இதற்கு வழி கண்டனர். சுமார் 150 நானோமீட்டருக்குக் குறைந்த துகள்கள் முதல் மின்னேற்றத்தில் பிளவுறுவதில்லை என்பதை 2012இல் வெளியான எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வு காட்டியது.

எனினும் ஆயுள் சிக்கல் தீரவில்லை. மின்பகுளி சிதைந்து ஆனோடின் மேற்பரப்பில் ஒரு காப்புப் படலம் உருவாகிறது. கிராஃபைட்டின் பருமன் பத்து விழுக்காடு அளவே மாறுவதால் அதன்மீது இப்படலம் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது. சிலிக்கானிலோ ஒவ்வொரு சுழற்சியிலும் படலம் கிழிந்து, புதிய பரப்பு வெளிப்பட்டு, மீண்டும் படலம் வளர்கிறது. ஒவ்வொரு முறையும் சிறிது லித்தியம் அதில் சிறைப்படுகிறது. துகளைச் சிறிதாக்கினால் மேற்பரப்பு பெருகி, இவ்விழப்பும் கூடுகிறது. பிளவைத் தடுத்த தீர்வே லித்தியத்தை விழுங்குகிறது.

இவ்விழப்பை அரைக்கலச் சோதனை மறைத்துவிடுகிறது. அதில் எதிர்முனையாக உள்ள லித்தியம் உலோகத் தகடு, இழந்த லித்தியத்தை ஈடுசெய்துகொண்டே இருக்கும். முழுக்கலத்தில் கேத்தோடு தரும் லித்தியம் மட்டுமே உண்டு. கூலும் திறன் 99.9 விழுக்காடாக இருந்து, குறைபாடு முழுவதும் லித்தியம் இழப்பே எனக் கொண்டால், 223ஆம் சுழற்சியிலேயே கொள்திறன் 80 விழுக்காட்டிற்கு இறங்கும். ஆயிரம் சுழற்சிகளைக் கடக்க 99.98 தேவை. அரைக்கல வரைபடத்தில் இவ்விரண்டையும் கண்ணால் வேறுபடுத்த இயலாது. எனது முதலாண்டு வரைபடங்களை நானும் இவ்வாறே தவறாகப் படித்தேன்.

ஆகவே பிணைப்பான், மின்பகுளி ஆகியவற்றின் பங்கு துகள் வடிவத்தினும் குறைந்ததன்று என்பது என் கருத்து. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலிஅக்ரிலிக் அமிலம் ஆகியவை சிலிக்கான் பரப்பிலுள்ள ஆக்சைடுடன் வலுவாகப் பிணைகின்றன. வழக்கமான பாலிவினைலிடீன் ஃப்ளூரைடு அவ்வாறு பிணைவதில்லை. ஃப்ளூரோஎத்திலீன் கார்பனேட் சேர்த்த மின்பகுளியில் உருவாகும் படலம் மேலும் உறுதியானது. ஆயினும் அச்சேர்மம் தீர்ந்ததும் கொள்திறன் விரைந்து சரிகிறது. முன்கூட்டியே லித்தியம் ஏற்றும் முறை முதல் சுழற்சியின் பேரிழப்பை ஈடுசெய்யும். படலம் கிழிவதை அது நிறுத்துவதில்லை.