பல்பை மாற்றும் முன் ஹோல்டரைப் பாருங்கள்! பழைய கார்களின் விளக்குப் பராமரிப்பு

ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி, தோவாளைக்குப் பூ என்று விடியும் முன்பே கிளம்பும் வீடுகளில் இன்றும் ஒரு பழைய மாருதி 800, ஆம்னி அல்லது அம்பாசடர் நிற்கிறது. 800, அம்பாசடர் இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. ஆம்னி 2019-ல் நின்றது. ஆயில், டயர், பிரேக் என்று பார்த்துப் பார்த்துச் செய்பவர்கள்கூட விளக்குகளை மறந்துவிடுகிறார்கள். முன்விளக்கு போனால் ஓட்டுபவருக்கே தெரிந்துவிடும். பின்விளக்கு போனால் தெரியாது. இருட்டுச் சாலையில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு, சிவப்பு வெளிச்சம் இல்லாத கார் கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படும்.

எனவே, வாரம் ஒருமுறை பின்விளக்குகளைப் பாருங்கள். உதவிக்கு ஆள் இல்லையென்றால், இருட்டிய பிறகு காரின் பின்பக்கத்தைச் சுவருக்கு நேராக நிறுத்தி பிரேக்கை மிதித்தால் போதும். சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் கண்ணாடியில் தெரியும். ஒரு பக்கம் மங்கலாக இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

பழைய காரில் விளக்கு எரியவில்லை என்றதும் புது பல்ப் வாங்க ஓடுகிறோம். பல நேரம் குற்றவாளி பல்ப் அல்ல. அது உட்கார்ந்திருக்கும் ஹோல்டரும், அதன் எர்த்தும்தான். பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தாலோ, கண்ணாடி கறுத்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். கம்பி முழுசாக இருந்தால் ஹோல்டரைக் கவனியுங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் ஒழுங்காகப் போகாது.

விவசாயிகளின் கார்களில் இது அதிகம் நடக்க ஒரு காரணம் உண்டு. யூரியா, பொட்டாஷ் மூட்டைகளை டிக்கியில்தான் ஏற்றி வருகிறோம். உரத்தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். டிக்கி ஓரத்தில் இருக்கும் ஹோல்டர்கள்தான் முதல் பலி. மூட்டைக்கு அடியில் ஒரு தார்ப்பாயை விரித்து, இறக்கியதும் டிக்கியைக் கூட்டித் துடைத்துவிடுங்கள்.

பூத்துப்போன ஹோல்டரைச் சுத்தம் செய்வது எளிது. விளக்கை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிக்கொள்ளுங்கள். நைஸ் உப்புத்தாளால் உள்பக்கத்தைத் தேய்த்து, அடியில் இருக்கும் பித்தளைப் புள்ளியையும் பளிச்சென்று ஆக்குங்கள். வாஸ்லினை மெல்லிசாகத் தடவி பல்பைப் போடுங்கள். நெகட்டிவ் வயரை மாட்டியும் எரியவில்லையா? ஒரு துண்டு வயரின் ஒரு முனையை ஹோல்டரின் வெளி உலோகத்திலும், மறுமுனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும் வையுங்கள். எரிந்தால் எர்த்தில்தான் கோளாறு. எர்த் வயர் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டுங்கள். இண்டிகேட்டர் போடும்போது பக்கத்தில் உள்ள பின்விளக்கும் சேர்ந்து மினுக்கினால், அதுவும் எர்த் கெட்டதற்கான அடையாளமே.

புது பல்ப் வாங்கப்போகும்போது பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். பிரேக்குக்கும் பின்விளக்குக்கும் பொதுவாக ஒரே பல்ப்தான். அதற்குள் 21 வாட், 5 வாட் என இரண்டு கம்பிகள். அடியில் இரண்டு புள்ளிகள். பக்கவாட்டில் உள்ள இரண்டு பின்களும் ஒரே உயரத்தில் இருக்காது. அழுத்தித் திருப்பும்போது போகவில்லையென்றால் அரைச் சுற்றுத் திருப்பிப் போடுங்கள். பலம் காட்டித் தலைகீழாக நுழைத்துவிட்டால், பிரேக்கில் எரிய வேண்டிய பெரிய கம்பி எப்போதும் எரியும். நீங்கள் பிரேக் மிதிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும்.

இரண்டு பிரேக் லைட்டும் ஒரே நேரத்தில் எரியாமல் போனால் பல்பைத் தொடாதீர்கள். முதலில் ஃபியூஸ், அடுத்து பிரேக் லைட் சுவிட்ச். 800, ஆம்னியில் அது பெடலுக்கு மேலே இருக்கும். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். செப்புக் கம்பியைச் சுற்றி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். வயரை எலி கடித்து ஷார்ட் ஆகியிருந்தால், ஃபியூஸுக்குப் பதில் வயர்தான் எரியும். களத்து மேட்டில் நிற்கும் கார்களில் எலி கடிப்பதும் சாதாரணம்தானே!

முன்விளக்கு மங்கல் என்று பலரும் 100/90 வாட் பல்பை வாங்கிப் போடுகிறார்கள். இந்த வயரிங்குக்கு ஏற்றது 60/55 வாட் எச்4 ஹாலஜன். பெரிய பல்ப் போட்டால் ஹோல்டரும் சுவிட்சும் சூடாகி உருகும். மங்கலுக்குக் காரணம் வயரிலேயே இருக்கலாம். பல்புக்கு வரும் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்து, ஃபியூஸும் ரிலேவும் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். அதே பல்ப் பளீரென்று எரியும்.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் அதிகம் சூடாகி பல்ப் சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். பின்னால் உள்ள ரப்பர் மூடியை மறக்காமல் மாட்டுங்கள். அது இல்லாத விளக்கில் தூசியும் நீரும் புகுந்து ரிஃப்ளெக்டர் கறுத்துவிடும். அதன்பின் எந்த பல்ப் போட்டும் பயனில்லை.

‘எல்.இ.டி போடலாமா?’ என்பது வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. நம்பர் பிளேட் விளக்குக்குப் போடலாம். ஹாலஜனுக்கென்று செய்த முன்விளக்கில் மலிவான எல்.இ.டி-யைத் திணித்தால் வெளிச்சம் சிதறும். ஓட்டுபவருக்கு வெள்ளையாகத் தெரிவதால் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். எதிரே வரும் டூவீலர்காரருக்குக் கண் கூசி ரோடே தெரியாது. இண்டிகேட்டரில் போட்டால், மின்சாரம் குறைவாக எடுப்பதால் வேகமாகச் சிமிட்டும். சாதாரண பல்ப் இருக்கும்போதே ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சிமிட்டினால், பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போயிருக்கிறது.

டிக்கியில் கூடைகளை ஏற்றினால் காரின் மூக்கு தூக்கும். டிம்மும் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வழக்கமான சுமையோடு, சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, அந்தக் கோட்டுக்குச் சுமார் 7.5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கின் ஓரத்தில் உள்ள திருகுகளைத் திருப்பினால் ஏறி இறங்கும்.

15 வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி-யைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்போது விளக்குகளையும் சோதிப்பார்கள். புதுப்பித்தால் 5 வருடம் செல்லும். அதற்கு முந்தைய நாள் நம்பர் பிளேட் விளக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பலரும் மறப்பது அதைத்தான்.