மூன்று லட்சம் கிலோமீட்டர் தாங்கும் பேட்டரி

ஹைபிரிட் கார் வாங்கலாமா என்று வீட்டில் பேச்செடுத்தால், எவ்வளவு மைலேஜ் தரும் என்று கேட்பவர்கள் குறைவு. "பேட்டரி போச்சுன்னா என்ன பண்ணுவ?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு வெளிநாட்டுக் கணக்கைத்தான் பதிலாகச் சொல்ல முடிந்தது. இப்போது நம் ஊரிலேயே வயதான ஹைபிரிட்கள் இருக்கின்றன. ஹோண்டா 2008-ல் சிவிக் ஹைபிரிட்டை இறக்குமதி செய்து விற்றது. டொயோட்டாவின் பிரியஸ் 2010-ல் வந்தது. 2013 முதல் பெங்களூரு பக்கத்துப் பிடதி ஆலையிலேயே கேம்ரி ஹைபிரிட் உருவானது. சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அவற்றில் முதலில் வந்த கார்கள் அந்த வயதைத் தொட்டு, எஃப்.சி. காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டன. 2022 முதல் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா, சிட்டி, இன்னோவா ஹைகிராஸ் என்று வரிசை நீண்டு, இன்று மஞ்சள் போர்டு வண்டிகளிலும் ஹைபிரிட் சகஜம்.

இந்த வண்டிகளைப் பற்றி நான் சொல்ல வருவது ஒன்றுதான். சென்னையில் ஹைபிரிட் காரை ஓட்டம் கெடுப்பதில்லை. வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதும், சில நூறு ரூபாயில் முடிகிற சின்ன வேலைகளைத் தள்ளிப்போடுவதும்தான் கெடுக்கின்றன.

லஸ் கார்னரில் கிளம்பி பனகல் பூங்கா போய்ச் சேர்வதை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். தூரம் சுமார் ஐந்து கிலோமீட்டர். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் திருப்பிவிட்ட பாதை, சிக்னல், குறுக்கே திரும்பும் ஆட்டோ என்று வழி நெடுக பிரேக்தான். 1,300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 80 கிலோஜூல். பிரேக் மிதித்ததும் அவ்வளவும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. அதில் கால் பங்கு, அதாவது 8 மெகாஜூல், சக்கரத்துக்கு வந்து சேர்வதே பெரிய விஷயம். அப்படியானால் அந்த வேகத்திலிருந்து நூறு முறை நின்றால் ஒரு லிட்டர் பெட்ரோல் பிரேக்கிலேயே தீர்ந்துவிடுகிறது. இது போக, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு சிக்னலில் நிற்கும் நேரமெல்லாம் எஞ்சின் வீணாகச் சுற்றுகிறது.

ஹைபிரிட்டில் பிரேக் மிதித்தால் முதலில் வேலை செய்வது மோட்டார்தான். அது ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. போகிற வழி இழப்பெல்லாம் கழித்தால் ஏறத்தாழ பாதி திரும்பவும் சக்கரத்துக்கு வரும். நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும், ஏ.சி. கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடும். நெடுஞ்சாலையைவிட நெரிசலில்தான் இந்த வண்டிக்கு ஆதாயம் அதிகம் என்பதன் காரணம் இதுதான்.

நீண்ட ஆயுளுக்கான காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது. டொயோட்டா முறை ஹைபிரிட்டில் (மாருதியின் கிராண்ட் விட்டாராவும் இதே முறைதான்) எஞ்சினையும் இரண்டு மோட்டார்களையும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. நடுவில் ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிச் சில சின்னச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். அவ்வளவுதான். எந்தப் பல்லும் எதிலிருந்தும் கழன்று வேறொன்றில் மாட்டுவதில்லை. க்ளட்ச் பிளேட் இல்லை. கியர் மாறுவது இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் இரண்டும் இல்லை. உஸ்மான் சாலை நெரிசலில் சாதாரணக் காரில் எவையெல்லாம் தேய்கின்றனவோ அவற்றில் பலவும் இதில் கிடையாது. பிரேக் பேட் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் வருவது இதில் சாதாரணம்.

பேட்டரிக்கு வருவோம். பிரியஸில் இருப்பது நிக்கல்–மெட்டல் ஹைட்ரைடு வகை. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் தரும் ஆறு செல்களைச் சேர்த்து ஒரு மாட்யூல், அப்படி 28 மாட்யூல், மொத்தம் 201.6 வோல்ட். கொள்ளளவோ வெறும் 1.3 கிலோவாட் மணி. ஒரு மின்சார காரில் இருப்பதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இதைப் பயன்படுத்தும் விதம் வேறு. கைபேசி பேட்டரியை நாம் முழுக்க ஏற்றி முழுக்க இறக்குகிறோம். பிரியஸின் கம்ப்யூட்டர் தன் பேட்டரியை 80 சதவீதத்துக்கு மேல் ஏறவும் விடாது, 40-க்குக் கீழே இறங்கவும் விடாது. பெரும்பாலான நேரம் அறுபதை ஒட்டியே வைத்திருக்கும். ஆழமாக வடிவதும் முட்ட நிரம்புவதும்தான் எந்த பேட்டரியையும் சீக்கிரம் கிழடாக்கும். இங்கே அவை இரண்டுமே நடப்பதில்லை.

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2011-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. இரண்டு லட்சம் மைலுக்கும் மேல், நம் கணக்கில் 3.3 லட்சம் கிலோமீட்டர் ஓடிய 2002-ஆம் ஆண்டுப் பிரியஸ் ஒன்றை எடுத்து, பத்து ஆண்டுக்கு முன்பு புது வண்டியில் செய்த அதே சோதனைகளைத் திரும்பச் செய்தது. புதிதில் லிட்டருக்கு 17.3 கிலோமீட்டர் கிடைத்தது. கிழ வண்டியில் 17.2. பேட்டரி, வண்டியோடு வந்த அதே பேட்டரி.

அது குளிர் நாட்டுக் கதைதானே என்று கேட்பது நியாயம். பேட்டரிக்குள் நடக்கும் வேண்டாத வேதிவினைகள் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிப்போன கணக்கு. நம் மே மாத வெயில் 40-ஐத் தாண்டும். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதையும் தாண்டிக் கொதிக்கும்.

இதற்குச் சரியான ஒப்பீடு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் ஹைபிரிட்டுக்கு வரிச் சலுகை இருந்த காலத்தில், ஜப்பானில் ஓடிய பிரியஸ், அக்வா, ஹோண்டா ஃபிட் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே அரசு நிறுத்தியது. தனியார் கார்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பிப்ரவரியில்தான். நடுவில் 2022-ல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை. புது வண்டிக்கு வழியில்லை, இருப்பதை ஓட்டித்தான் தீர வேண்டும். நம்மைப் போன்றே வெயிலும் ஈரமும் உள்ள ஊரில் அந்தக் கார்கள் ஓடின, ஓடுகின்றன. பேட்டரிகள் அங்கே சாகவில்லை என்று சொல்ல மாட்டேன்; செத்தன. ஆனால் அவற்றைப் பிரித்துப் பார்க்கும் கைகள் உருவாகிவிட்டன. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஹைபிரிட் பேட்டரியைக் கழற்றி மாட்யூல் மாட்யூலாகச் சோதித்துத் தருவது இன்று தெரிந்த தொழில்.

வெப்பத்தோடு சண்டை போட பேட்டரிக்கு ஒரு சின்ன மின்விசிறி உண்டு. அது வண்டிக்குள் இருக்கும் ஏ.சி. காற்றை இழுத்து பேட்டரிமேல் அடிக்கும். பிரியஸில் காற்று போகும் வழி பின் இருக்கையின் ஓரத்தில் ஒரு சல்லடை மாதிரித் தெரியும். தி. நகரில் துணி வாங்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் பைகளை அதன்மேல்தான் சாய்த்து வைப்பார்கள். அடையாறில் ஒரு ஷெட்டில் அதைத் திறந்து பார்த்ததை நான் கூடவே நின்று பார்த்தேன். ஃபில்டரில் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் தடிமனுக்குத் தூசு, அதில் பின்னிக்கொண்ட தலைமுடி, நாய் முடி, புடவை நூல். உள்ளே விசிறியின் இறக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியது போல அடைந்திருந்தன. அந்த வண்டிக்காரர் எண்ணெய் மாற்றத் தவறியதே இல்லை. இப்படி ஒரு ஃபில்டர் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. டாக்சியாக ஓடினால் ஒவ்வொரு சர்வீஸிலும், வீட்டு வண்டியானால் ஆண்டுக்கு இருமுறையாவது இதைக் கழற்றித் தட்ட வேண்டும். கால் மணி நேர வேலை.

இன்னொரு சாவு, நிறுத்தி வைப்பதால் வருவது. மயிலாப்பூரில் இது அதிகம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் மட்டும் வீட்டில். வண்டி கீழே கவர் போட்டு நிற்கும். மாதம் கழித்து டாக்டரிடம் போக எடுத்தால் ஒரு விளக்கும் எரியாது, ரிமோட்டுக்குக் கதவும் திறக்காது. உடனே "ஹைபிரிட் பேட்டரி போயிடுச்சு மாமா" என்று யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் போயிருப்பது அதுவல்ல. எல்லாக் காரிலும் இருப்பது போல இதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது எஞ்சினைச் சுழற்றுவதில்லை; கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியின் ரிலேவை மூடுவதே அதன் முக்கிய வேலை. அது வடிந்துபோனால், பக்கத்தில் 200 வோல்ட் நிறைந்து நின்றாலும் வண்டிக்குள் வராது. சில ஆயிரம் ரூபாயில் முடிகிற காரியத்துக்கு, லட்சத்தைத் தாண்டும் பேட்டரியை மாற்றச் சொல்லிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

வாரம் ஒருமுறை அரை மணியாவது ஓட்டுவதுதான் சரியான மருந்து. முடியாவிட்டால் "ரெடி" விளக்கு எரியும் நிலையில் வைக்க வேண்டும். வெறும் சுவிட்சைப் போட்டுப் பாட்டுக் கேட்டால் 12 வோல்ட் இன்னும் வடியும். ரெடியில் இருக்கும்போது எஞ்சின் தானாகவே கிளம்பும், ஆகவே ஷட்டர் இறக்கிய அறையில் இதைச் செய்யவே கூடாது. நிக்கல் பேட்டரி மாதக்கணக்கில் நின்றால் தானாகவும் வடியும், செல்லுக்குச் செல் அளவு மாறிப்போகும். பிரேக்கின் கதையும் இதேதான். பேட் தேயாது என்றேன். ஆனால் அதிகம் உரசாத டிஸ்க் கடற்காற்றில் துருப்பிடிக்கும். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் காலிபர் பின்கள் இறுகிப்போவது வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். "பேட் புதுசு மாதிரி இருக்கு சார்" என்று விட்டுவிடக் கூடாது.

கூலண்ட் பற்றியும் ஒரு வார்த்தை. பிரியஸின் இன்வெர்ட்டர் 200 வோல்ட்டை 650 வரை உயர்த்துகிறது; அதைக் குளிர்விக்க எஞ்சினோடு சேராத தனி கூலண்ட் சுற்று, தனி பம்ப் உண்டு. அளவு குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பது நம் ஊர் வழக்கம். அடையாறு போர் தண்ணீரின் உப்பு இன்வெர்ட்டருக்கு விஷம். குறிப்பிட்ட கூலண்டையே வாங்கி ஊற்றுங்கள். கியர் பெட்டி எண்ணெயை வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்பார்கள். நீண்ட நாள் ஓட்ட நினைப்பவர் லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது என்றுதான் நான் சொல்வேன்.

மழை வெள்ளத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாம் புயலும் கீழ்த்தளத்தில் நின்ற கார்களை என்ன செய்தன என்பது தெரியும். இருக்கைக்குக் கீழே தண்ணீர் புகுந்த ஹைபிரிட்டை, காய்ந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகள் பச்சை பூத்துப் பல மாதம் கழித்துத்தான் தொல்லை காட்டும். ஆரஞ்சு நிற ஒயர் எதையும், பயிற்சியும் ரப்பர் கையுறையும் இல்லாதவர் தொடக் கூடாது. சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பத்து நிமிடம் காத்திருப்பது விதி, கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் ஆளைக் கொல்லும்.

உண்மையிலேயே பெரிய பேட்டரி தளரும்போது ஸ்கேனரில் பி0ஏ80 என்ற எண் வரும். 28 மாட்யூலும் ஒரே நாளில் போவதில்லை. 7.2 வோல்ட் மாட்யூலில் ஒரு செல் செத்தால் 6-க்கு இறங்கும், அந்த ஒன்றுக்காக மொத்த வண்டியும் எச்சரிக்கை விளக்கைப் போடும். அதை மட்டும் மாற்றலாம். எட்டு ஆண்டுக்குள் என்றால் அது பயனுள்ள வேலை. பத்து, பன்னிரண்டு வயதான பேட்டரியில், மாற்றிய சில மாதத்தில் பக்கத்து மாட்யூல் விழும், பிறகு அடுத்தது. அந்த வயதில் முழு பேட்டரியையும் மாற்றுவதே சிக்கனம்.

கடைசியில் பணம். நெரிசலில் சாதாரண பெட்ரோல் கார் லிட்டருக்கு 10 கிலோமீட்டரும் ஹைபிரிட் 20-ம் தருவதாக வைத்தால், லட்சம் கிலோமீட்டருக்கு 5,000 லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் ஐந்து லட்சம். மஞ்சள் போர்டு டாக்சி இதை இரண்டு ஆண்டுக்குள் எடுத்துவிடும். இங்கே விற்கும் புது மாடல்கள் பலவற்றில் பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கிறது. டாக்சிக்காரருக்கு அந்தக் கிலோமீட்டர் சீக்கிரம் தீரும், ஆனால் அதற்குள் புது பேட்டரிக்கான பணம் பெட்ரோலில் மிச்சமாகியிருக்கும். கபாலீசுவரர் கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போய்வரும் குடும்பத்துக்கு வருடம் 4,000 கிலோமீட்டர்கூட ஆகாது. அவர்களுக்கு இந்த வண்டி வேண்டாம் என்பதே என் கருத்து.

பழைய ஹைபிரிட் வாங்குகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஸ்கேனர் உள்ள மெக்கானிக்கைக் கூட்டிப்போய், வண்டியை ஓட்டியபடியே ஒவ்வொரு பிளாக்கின் வோல்ட்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரியஸில் இரண்டிரண்டு மாட்யூல் சேர்ந்து 14 பிளாக். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் இரண்டு லட்சம் ஓடியிருந்தாலும் வாங்கலாம். ஒன்று மட்டும் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் ஒரு வோல்ட் சரிந்தால், முப்பதாயிரமே ஓடியிருந்தாலும் விலையில் பேட்டரியின் பணத்தைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.