தினமும் அதே வன்தட்டுப் பிழை: கோளாறு கேபிளிலா, தட்டிலா?

விண்டோஸ் கணினி தனக்கு நேர்வதையெல்லாம் நாம் கேட்காமலேயே ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. ‘ஈவண்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ பகுதியில் ‘சிஸ்டம்’ என்பதைத் தட்டினால் அதைப் பார்க்கலாம். சில கணினிகளில் அங்கே ‘டிஸ்க்’ என்ற பெயரில் மஞ்சள், சிவப்புக் குறியிட்ட வரிகள் இருக்கும். எப்போதோ ஒன்று என்றால் விட்டுவிடலாம். ஒரே வரி நாள்தோறும் வந்தால் அதைப் படித்தாக வேண்டும். மாற்ற வேண்டியது முழு வன்தட்டா, சில வெள்ளிக்குக் கிடைக்கும் கேபிளா என்பதற்கான துப்பு பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

முதலில், புகார் எந்த வட்டைப் பற்றியது என்று பாருங்கள். செய்தியில் ‘ஹார்ட்டிஸ்க்0’, ‘ஹார்ட்டிஸ்க்1’ என்று ஓர் எண் இருக்கும். ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திரையிலும் வட்டுகளுக்கு 0, 1, 2 என எண்கள் உண்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். இதைப் பார்க்காமலே கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு. கடைசியில் கோளாறு, செருகிவிட்டு மறந்துபோன பழைய பென்டிரைவில் இருக்கும்.

அடுத்து, நிகழ்வு எண். 7 என்றால் வட்டில் ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை. 11 என்றால் வட்டோடு பேசும் கட்டுப்பாட்டுச் சாதனத்தில் பிழை. 153 என்றால் ஒரு வேலையை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. 129 என்றால் பதில் வராததால் விண்டோஸ் இணைப்பை மீட்டமைத்தது.

இவற்றில் 7 ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது பலருக்குப் புரியாத விஷயம். வன்தட்டில் தகவல்கள் ‘செக்டர்’ எனும் சிறு கூறுகளாக எழுதப்படுகின்றன; ஒவ்வொன்றும் 512 அல்லது 4,096 பைட். ஒவ்வொரு செக்டரிலும் பிழை திருத்தும் குறியீடும் சேர்ந்திருக்கும். காந்தப் பதிவு சற்று மங்கினால் அந்தக் குறியீட்டை வைத்து வட்டு தானே சரிசெய்துகொள்ளும். அதுவும் முடியாதபோது மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். கணினி சில விநாடிகள் உறைந்து நிற்பது இந்த நேரத்தில்தான். கடைசியில் கைவிட்டு, ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லும்.

ஆனால் அந்தச் செக்டரை வட்டு உடனே ஒதுக்கிவிடாது. உள்ளே இருப்பது உங்கள் தகவல். அடுத்த முறை படிக்க வாய்த்தாலும் வாய்க்கலாம் என்று அதைக் ‘காத்திருப்பு’ப் பட்டியலில் வைக்கும். அதே இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்படும்போதுதான் சோதித்து, கெட்டிருந்தால் கையிருப்பில் உள்ள மாற்றுச் செக்டரை அதற்குப் பதிலாகக் கொடுக்கும். அதுவரை அந்தக் கோப்பை எந்த மென்பொருள் தொட்டாலும் பிழை வரும். தினமும் இரவு 2 மணிக்கு மட்டும் பிழை பதிவாகிறதென்றால், அந்த நேரத்தில் காப்புப் பிரதி எடுக்கும் மென்பொருளோ வைரஸ் சோதனையோ ஓடுகிறதா என்று பாருங்கள்.

153 செய்தியில் வட்டின் எந்த முகவரியில் சிக்கல் என்பதும் இருக்கும். ஒரே முகவரி, அல்லது அதற்குப் பக்கத்து முகவரிகளே திரும்ப வந்தால் தட்டின் பரப்பைச் சந்தேகிக்கலாம். முகவரிகள் எங்கெங்கோ சிதறியிருந்தால் கேபிள், மின் இணைப்பு, கட்டுப்பாட்டுச் சாதனம் ஆகியவற்றின் பக்கம் பார்க்க வேண்டும்.

இதை உறுதிசெய்ய, வட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ கணக்கு உதவும். ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அந்தக் கணக்கில் 5 என்பது மாற்றப்பட்ட செக்டர்கள், 197 என்பது காத்திருப்பில் உள்ளவை. 199 என்பது வட்டுக்கும் கணினிக்கும் இடையே செல்லும்போது கெட்டுப்போன தகவல்களின் எண்ணிக்கை. 5, 197 இரண்டும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறினால் கேபிளை மாற்றுங்கள். மாற்றிய பின் 199 குறையவில்லையே என்று குழம்ப வேண்டாம், அது இறங்காது. மேற்கொண்டு ஏறாமல் இருந்தால் போதும். (இந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டுவது வழக்கம். அதில் 10 என்றால் 16.)

197 பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் நிலைமை வேறு. கூகல் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை தென்பட்ட வட்டு, அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு, பிழையில்லாத வட்டைவிட 39 மடங்கு என்று அதில் கண்டார்கள். பழுதான வட்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஸ்மார்ட் கணக்கில் எந்த அறிகுறியும் காட்டவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே கணக்கு சுத்தமாக இருப்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தக் கட்டத்தில் பலர் முதலில் ஓட்டுவது ‘செக்டிஸ்க்’ கட்டளையை. வரிசை தவறு என்பேன். கெட்ட செக்டர்களைத் தேடச் சொன்னால் அது முழு வட்டையும் மணிக்கணக்கில் படிக்க வைக்கும். தள்ளாடும் வட்டு அந்த உழைப்பிலேயே விழுந்துவிடலாம். தவிர, அதன் அக்கறை கோப்பு அமைப்பைச் சீர்படுத்துவதில்தான்; படிக்க முடியாத பகுதியில் இருந்த படத்தை அது திருப்பித் தராது. குடும்பப் படங்கள், கடைக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளி வேலை என்று வேறெங்கும் இல்லாதவற்றை முதலில் இன்னொரு வட்டுக்கு நகலெடுங்கள். சாதாரண நகல் பாதியில் நின்றால், லினக்சில் இயங்கும் ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் உண்டு. அது சிரமமின்றிப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, சிக்கலான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். வட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் கேட்டால் மட்டும் எதையும் முயலாமல் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகவல் மீட்கும் நிபுணரிடம் கொண்டு செல்லுங்கள்.

நகல் பத்திரமான பிறகு வட்டை முழுமையாக ‘ஃபார்மட்’ செய்து பார்க்கலாம். எல்லாச் செக்டர்களிலும் புதிதாக எழுதப்படுவதால் 197 பூஜ்யத்துக்கு இறங்கும். உண்மையில் கெட்டவை 5-இன் கணக்கில் சேரும். அந்த எண்ணைக் குறித்து வைத்து, சில வாரங்கள் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே நின்றால், நகல் இருக்கும் திரைப்படங்களையும் பாடல்களையும் போட்டுவைக்க அந்த வட்டு ஆகும். ஏறிக்கொண்டே போனால் அதற்கும் வேண்டாம்.