எண் ஒன்று, கோலம் பல

புத்தளம் மாவட்டத்துக் கரையோர நகரமாகிய சிலாபம், இலங்கையின் தென்னை முக்கோணத்தில் அடங்கிய ஊராகும். அங்கே ஒரு வியாபாரி பதினைந்து இலட்சம் தேங்காய்களுக்குக் கணக்கு எழுதுவதாகக் கொள்ளலாம். இலங்கை வழக்கின்படி அவர் எழுதுவது 1,500,000. கடலுக்கு அப்பால் இராமேசுவரத்திலுள்ள தமிழர் அதனையே 15,00,000 என எழுதுவார். ஜேர்மனியிலோ அது 1.500.000 ஆகிவிடும். தொகை ஒன்றே, கோலந்தான் வேறு.

கணினியின் உள்ளே இவ்வேற்றுமை கிடையாது. முழு எண் அங்கே 0, 1 என்னும் இரு குறிகளின் வரிசையாகவே இருக்கின்றது. மனிதர் படிப்பதற்காக அதனை எழுத்தாக்கும்போது, எண்ணைப் பத்தால் மீண்டும் மீண்டும் வகுத்து, கிடைக்கும் மீதிகளை வலப்புறத்திலிருந்து இலக்கங்களாக அடுக்கலாம். இம்மட்டும் எல்லா நாட்டுக்கும் பொது. பிரிக்கும் குறியை இடும்போதே நாட்டு வழக்கு குறுக்கிடுகின்றது. இலங்கையில் மும்மூன்று இலக்கங்களாகப் பிரிப்பர். இந்தியாவில் வலப்புறத்து மூன்றை விட்டபின் இரண்டிரண்டாகப் பிரிப்பர்.

எனவே, மொழி தமிழ் என்று மட்டும் கணினிக்குச் சொன்னாற் போதாது. சிலாபத்திலும் சென்னையிலும் மொழி ஒன்றாயினும் எண்வழக்கு ஒன்றன்று. இதனாலேயே நிரல் எழுதுவோர் தமிழும் இலங்கையும், தமிழும் இந்தியாவும் என மொழியையும் நாட்டையும் சேர்த்துக் குறிக்கும் முறை ஏற்பட்டது. அவ்வாறு குறிக்கத் தவறினால், பல நிரல்மொழிகள் தாம் இயங்கும் கணினியின் அமைப்பையே பின்பற்றிவிடும். எழுதியவரின் மேசையிற் சரியாகத் தோன்றிய கணக்கு, வேறொரு நாட்டுக் கணினியில் உருமாறிப்போகும்.

இது வெறும் அழகுப் பிரச்சினையன்று. உலர்ந்த தேங்காய்த் துருவலுக்கு ஜேர்மன் வணிகர் ஒருவர் 12.500 கிலோ என எழுதினால், அவர் கருதுவது பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. இலங்கை வழக்கிற் படித்தால் அதுவே பன்னிரண்டரைக் கிலோ! ஒரு புள்ளி ஆயிரம் மடங்கு வேற்றுமையை உண்டாக்கிவிடுகின்றது.

இதற்குப் பரிகாரம் எளிது. கணினிக்குக் கணினி அனுப்பும் எண்ணில், பிரிக்கும் குறி எதுவும் இராது 1500000 என்றே இருத்தல் வேண்டும். மனிதர் கண்ணுக்கு வரும் இறுதிப் படியிலே, படிப்பவர் எந்நாட்டவர் என்பதை அறிந்து, அவர் வழக்கின்படி குறியிடுதல் வேண்டும். சேமிப்பது எண்ணாக இருக்கட்டும். காட்டுவது படிப்பவரின் எழுத்தாக இருக்கட்டும்.