பூட்டினேனா... பூட்டலையா?

ஆபீஸுக்குக் கிளம்பி, தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்காதவர் யார்? சிலர் தொங்கியே பார்ப்பார்கள். அதெல்லாம் வியாதி இல்லை சார், பயப்படாதீங்க.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினம் பஸ் பிடித்து, விருத்தாசலம் பீங்கான் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு எழுதப் போகிற ஒருவரைக் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். பூட்டை இருபது தடவை இழுக்கிறார். பஸ் போய்விடுகிறது. ஆபீஸில் ஒரே பக்கத்தை ஏழு தடவை கூட்டுகிறார். கணக்கு டேலி ஆகிறது, மனசுதான் ஆக மாட்டேன் என்கிறது. ராத்திரி, "கேஸை மூடினியா?" என்று சம்சாரத்தைத் துளைக்கிறார். இது அசட்டுத்தனம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் விட முடியாது. தினம் ஒரு மணி நேரமாவது இதிலேயே போய், பிழைப்பும் கெடுகிறது என்றால், அதற்குப் பெயர் எண்ணச் சுழற்சி நோய். டாக்டர் பாஷையில் ஓ.சி.டி.

பி.காம். படித்த என் புத்திக்கு இது மீட்டர் வட்டியாகத்தான் தெரிகிறது. சந்தேகம் வந்து மிரட்டும். ஒரு தடவை செக் பண்ணினால் போய்விடும். பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் இன்னும் தெம்போடு வந்து நிற்கும். கட்டக் கட்ட அசல் ஏறுகிற கடன்! "மூடிட்டேங்க" என்று மனைவி பாவம் பார்த்துச் சொல்கிற ஒவ்வொரு பதிலும் அந்த வட்டிதான்.

பூட்டும் கை கழுவுவதுமாவது வெளியே தெரியும். தெரியாத ரகம் ஒன்று உண்டு. பூவராக சுவாமி சந்நிதியில் கண்மூடி நிற்கிறபோது, வாயால் சொல்லக் கூசுகிற ஒரு ஆபாச எண்ணம் பாய்ந்து வரும். 'நான் இவ்வளவு பாவியா?' என்று மனுஷன் கோயிலுக்குப் போவதையே விட்டுவிடுவார். யாரிடமும் மூச்சு விட மாட்டார். உண்மையில், எது உங்களுக்கு உசத்தியோ அதன் மேல்தான் இந்த நோய் சேற்றை வாரி அடிக்கும். பக்தி இல்லாதவனுக்கு இதில் என்ன பயம்?

1978-ல் ரேக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்த பத்மல் டி சில்வாவும், இந்த நோய் இல்லாதவர்களிடம் விசாரித்தார்கள். ஏறக்குறைய 100-க்கு 80 பேர், 'வேண்டாத எண்ணங்கள் எங்களுக்கும் வருகின்றன' என்றார்கள். நமக்கு அது வந்த வழியே போய்விடுகிறது. அவருக்குப் பாய் விரித்துப் படுத்துவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

வைத்தியம் உண்டா? பேஷாக உண்டு. 1966-ல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் ஆரம்பித்து வைத்த வழி: பயத்தை எதிரே நிறுத்து, வட்டியை மட்டும் கட்டாதே. ஒரே தடவை பூட்டு, திரும்பாமல் பஸ் ஏறு. நெஞ்சு படபடக்கும், கொஞ்சம் பொறுத்தால் தானே இறங்கும். சின்ன பயத்தில் ஆரம்பித்து, பயிற்சி பெற்றவர் துணையோடு படிப்படியாகச் செய்ய வேண்டியது இது. வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு "கழுவாதே!" என்று உறுமுவது வைத்தியம் இல்லை, ரவுடித்தனம்.

ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகளும் உண்டு. இவை தூக்க மாத்திரைகள் அல்ல. பலன் முழுசாகத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். பத்தாம் நாள் மாத்திரையைக் கடாசிவிட்டு டாக்டரைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. நிறுத்துவதும் அவரைக் கேட்டுத்தான்.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரருக்கு சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போடுகிற இடத்தில் அதைச் சொல்லக் கூச்சமா? 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ், 14416. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.