52ஆவது பெயர்: சத்னம் சிங் பமாராவின் கூடைப்பந்து வாழ்க்கை எங்கே நின்றது?

2015ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி இரவு, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள பார்க்லேஸ் சென்டர் அரங்கில் அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்து சங்கமான என்பிஏ-வின் வருடாந்திர வீரர் தேர்வு நடைபெற்றது. மொத்தம் 60 இடங்கள். அவற்றில் 52ஆவது இடத்துக்கு டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அறிவித்த பெயர் சத்னம் சிங் பமாரா. வயது 19. உயரம் 7 அடி 2 அங்குலம். பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் உள்ள பல்லோ கே என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். இந்தியாவில் பிறந்த ஒருவரை என்பிஏ அணி தேர்வு செய்தது அதுவே முதல் முறை.

அதன் பின்னர் அவர் என்பிஏ-வின் முறையான பருவ ஆட்டம் ஒன்றில்கூடக் களமிறங்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்குள், 2022 ஏப்ரலில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் மல்யுத்த மேடையில் அவர் தோன்றினார். அப்போது அவருக்கு வயது 26. அவர் ஆடிய சென்டர் என்னும் இடத்தில் நிற்கும் வீரர்கள் பொதுவாக ஆட்டத்தில் முதிர்ச்சி பெறும் வயது அது.

அவரது வாழ்க்கை குறித்து இருவிதமான பேச்சுகள் உண்டு. கிராமத்துச் சிறுவன் வரலாறு படைத்தான் என்பது ஒன்று. வாய்ப்பைத் தவறவிட்டார் என்பது மற்றொன்று. முதலாவது உண்மை, ஆனால் பாதிக் கதை. இரண்டாவது, அவருக்கு உண்மையில் கிடைத்த வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணக்கில் கொள்ளாத பேச்சு.

கோதுமை வயலிலிருந்து புளோரிடாவுக்கு

சத்னமின் தந்தையும் ஏழடிக்கு மேல் உயரம் கொண்டவர். அவருக்கும் இளமையில் கூடைப்பந்து ஆட ஆசை இருந்தது. எனினும் குடும்பத்தின் வயலும் மாவு ஆலையும் அவரை ஊரிலேயே நிறுத்திவிட்டன. மகன் தன் வயதுச் சிறுவர்களைவிட மிக உயரமாக வளரத் தொடங்கியதும், தமக்குக் கிட்டாதது அவனுக்குக் கிட்டட்டும் என்று லூதியானா கூடைப்பந்துப் பயிலகத்தில் சேர்த்தார். குரு நானக் விளையாட்டரங்கில் இயங்கிய அந்தப் பயிலகத்தில், பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியனின் மேற்பார்வையில் சத்னம் ஆட்டத்தின் அடிப்படைகளைக் கற்றார். இந்திய ஆடவர் அணியின் உயரமான வீரர்களில் பலர் அந்தப் பயிலகத்தின் வழியே வந்தவர்களே.

2010இல், 14 வயதில், ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்தின் உதவித்தொகை பெற்ற இந்தியச் சிறார்களில் ஒருவராக, புளோரிடா மாநிலம் பிராடென்டன் நகரில் உள்ள ஐஎம்ஜி அகாடமிக்கு அவர் சென்றார். ஆங்கிலம் அறியாத சிறுவன். உணவு புதிது, பாடங்களும் புதியவை. அடுத்த ஆண்டே, 15 வயதில், சீனாவின் ஊஹான் நகரில் நடைபெற்ற ஆசிய சாம்பியன்ஷிப் போட்டியில் இந்தியாவின் மூத்தோர் அணிக்காகவும் ஆடினார்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் திறமையான வீரர் பொதுவாகக் கல்லூரி அணியில் சேர்வார். அங்கே ஓராண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடக் கிடைக்கும். பெருங்கூட்டத்தின் முன் தவறு செய்து திருத்திக்கொள்ளவும் இடமிருக்கும். சத்னமுக்கு அதற்கான கல்வித் தகுதி கைகூடவில்லை. அகாடமியிலேயே கூடுதலாக ஓராண்டு தங்கிய அவர் நேரடியாக என்பிஏ தேர்வுக்குத் தம் பெயரை அளித்தார். பள்ளிப் படிப்பு முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும் என்ற விதி 2005இல் வந்த பிறகு, கல்லூரியிலோ தொழில்முறை லீகிலோ ஆடாமல் இவ்வாறு முதன்முதலில் தேர்வானவர் அவரே. அந்த நாளில் அது சாதனையாக மட்டுமே எழுதப்பட்டது. அவர் கடக்காமல் விட்ட படி எத்தகையது என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

தேர்வு என்பது வேலை அன்று

என்பிஏ வீரர் தேர்வு இரண்டு சுற்றுகளாக நடைபெறும். முதல் சுற்றில் தேர்வாகும் வீரருக்கு, அணி ஒப்பந்தம் செய்துகொண்டால், ஊதியம் உறுதி செய்யப்பட்டது. இரண்டாம் சுற்றில் அத்தகைய உறுதி கிடையாது. அந்த வீரருடன் என்பிஏ-வில் பேச்சு நடத்தும் உரிமையை மட்டுமே அணி பெறுகிறது. தேர்வு மேடையில் பெயர் ஒலிப்பதற்கும் சட்டை எண்ணுடன் அணியில் அமர்வதற்கும் இடையே பெரும் தொலைவு உண்டு. 52ஆம் இடம் இரண்டாம் சுற்றின் பின்பாதியில் வருவது.

சத்னம் 2015 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடைபெற்ற கோடைகால லீகில் மேவரிக்ஸ் சட்டை அணிந்து ஆடினார். பின்னர் டி-லீக் எனப்பட்ட, இன்று ஜி-லீக் என்று அழைக்கப்படும், கீழ்நிலைத் தொடரில் டெக்ஸஸ் லெஜண்ட்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கே இரண்டு பருவங்கள் இருந்தார். களத்தில் நின்ற நேரமோ மிகக் குறைவு. என்பிஏ அணியுடனும் கீழ்நிலை அணியுடனும் ஒரே வேளையில் இணைந்திருக்க வழிசெய்யும் இருவழி ஒப்பந்தம் அப்போது நடைமுறைக்கு வரவில்லை. அது 2017இல்தான் வந்தது.

இரண்டாம் சுற்றில் தேர்வானதே அவரது தோல்விக்குக் காரணம் என்றும் சொல்வதற்கில்லை. முந்தைய ஆண்டு, 2014இல், 41ஆவது இடத்தில் ஒரு சென்டர் தேர்வு செய்யப்பட்டார்: செர்பியாவின் நிகோலா யோகிச். பின்னாளில் 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் என்பிஏ-வின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வென்றவர் அவர். தேர்வான உடனே யோகிச் அமெரிக்கா செல்லவில்லை. மேலும் ஓராண்டு தம் நாட்டு அணியில், அட்ரியாட்டிக் லீகில், பெரியவர்களுக்கு எதிராக வாரந்தோறும் ஆடித் தேர்ந்தார். அதற்கு முன் சீனாவின் யாவ் மிங்கும் அவ்வாறே. 2002இல் முதலிடத்தில் தேர்வாகும் முன், ஷாங்காய் ஷார்க்ஸ் அணிக்காகச் சீனத் தொழில்முறை லீகில் ஐந்து பருவங்கள் ஆடியிருந்தார். சத்னம் திரும்பிச் சென்று அத்தகைய ஓராண்டை ஆடுவதற்கு இந்தியாவில் நிலையான லீக் எதுவும் இல்லை. 2015இல் தொடங்கிய ஒரு தனியார் தொடரும் சில பருவங்களில் நின்றுபோனது.

மாறிக்கொண்டிருந்த ஆட்டம்

இன்னொரு காரணம் ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. கூடையின் வளையம் தரையிலிருந்து 10 அடி உயரத்தில் உள்ளது. ஆகையால் அதன் அருகே மிக உயரமான ஒருவரை நிறுத்துவது பல பத்தாண்டுகளாக அணிகளின் முதல் விதியாக இருந்தது. அவரே சென்டர். எதிரணி வளையத்தை நெருங்கினால் தடுப்பார். தவறிய பந்தைப் பற்றுவார். கூடைக்கு முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி, தோளால் தள்ளி உள்ளே புகுவார். சத்னம் இந்த மரபில் பயின்றவர். அவரது வலு அதற்கே உரியது. உடலின் பருமனைக் கருதினால் கைகள் மென்மையானவை என்றும், எறிதல் நேர்த்தியானது என்றும் பயிற்சியாளர்கள் கருதினர். கால்களின் வேகமே ஐயத்துக்குரியதாக இருந்தது.

அந்த வேகத்தைத்தான் புதிய ஆட்டம் கேட்டது. வளையத்திலிருந்து 7.24 மீட்டர் வரை விலகியிருக்கும் வளைகோட்டுக்கு வெளியேயிருந்து எறியும் பந்துக்கு மூன்று புள்ளிகள் என்பதை அணிகள் கணக்கிட்டுப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தன. எதிரணியின் சிறிய, விரைவான வீரர்கள் கோட்டுக்கு வெளியே நின்றால், பெரிய சென்டரும் அவர்களைத் துரத்தி வெளியே வர வேண்டும். வரவில்லையெனில் மூன்று புள்ளிகள். வந்தால், அவரைத் தாண்டி ஓடிவிடுவார்கள். இருபுறமும் இழப்பே.

சத்னம் தேர்வாவதற்கு ஒன்பது நாட்கள் முன்னர், ஜூன் 16ஆம் தேதி, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி என்பிஏ பட்டத்தை வென்றது. இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் அந்த அணி ஏழடி உயரச் சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து நீக்கி, 6 அடி 6 அங்குல உயரமுள்ள ஆந்த்ரே இகுடாலாவைச் சேர்த்தது. தொடரின் போக்கு அங்கே மாறியது. தொடரின் சிறந்த வீரர் விருதும் இகுடாலாவுக்கே கிடைத்தது. பிற அணிகளும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

அதே தேர்வில் முதலிடம் பெற்ற கார்ல் ஆண்டனி டவுன்ஸும் சென்டர்தான், வெகுதொலைவிலிருந்து பந்தெறியக்கூடியவர். நான்காம் இடத்தில் தேர்வான, 7 அடி 3 அங்குல உயரமுள்ள லாட்வியாவின் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸும் அத்தகையவரே. மூன்றாம் இடத்தில் தேர்வான ஜாலீல் ஒகாஃபர் பழைய மரபில் வந்த சென்டர். அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் டியூக் அணியுடன் பட்டம் வென்று, பெரும் எதிர்பார்ப்புடன் வந்தவர். ஆயினும் சில ஆண்டுகளில் அணிகளுக்கு அவரது தேவை குறைந்துபோனது. எனவே 52ஆம் இடத்தில் வந்த 19 வயது இந்தியருக்கு அந்த மாற்றத்தைத் தாங்கி நிற்க இயலவில்லை என்பதில் வியப்பதற்கு அதிகமில்லை.

சோதனையும் தடையும்

டெக்ஸஸுக்குப் பின் 2018-19 பருவத்தில் கனடாவின் தேசியக் கூடைப்பந்து லீகில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணிக்காக சத்னம் ஆடினார். 2019 இறுதியில் காத்மாண்டு தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்கான இந்திய அணியின் பயிற்சி முகாம் பெங்களூருவில் நடைபெற்றபோது அவரிடம் எடுக்கப்பட்ட மாதிரியில் ஹைஜினமின் என்னும் பொருள் இருந்தது கண்டறியப்பட்டது. சில தாவரங்களில் இயல்பாகக் காணப்படும் இந்தப் பொருள், உடற்பயிற்சிக்கான துணை உணவுகள் சிலவற்றிலும் கலந்திருக்கும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் 2017 முதல் அதன் பெயர் வெளிப்படையாக இடம்பெற்றுள்ளது. அறிந்தே உட்கொள்ளவில்லை என்று சத்னம் மறுத்தார்.

ஊக்கமருந்து விதிகளின்படி, தம் உடலில் என்ன சேர்கிறது என்பதற்கு வீரரே முழுப் பொறுப்பு. அறியாமை தண்டனையைக் குறைக்க உதவலாம்; குற்றத்தை நீக்காது. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு 2020 டிசம்பரில் அவருக்கு இரண்டு ஆண்டுகள் தடை விதித்தது. 2019 நவம்பர் 19ஆம் தேதி முதல் அது கணக்கிடப்பட்டதால், 2021 நவம்பரில் தடை முடிவுற்றது. பெரிய அணிகளில் மருத்துவரும் உணவு ஆலோசகரும் வீரர் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையையும் பார்ப்பார்கள். அணி அணியாக அலையும் வீரர் புட்டியின் மேல் ஒட்டிய தாளை நம்பித்தான் விழுங்குகிறார்.

தடைக்காலம் முடியும் முன்னரே, 2021இல், ஆல் எலைட் ரெஸ்லிங் நிறுவனத்துடன் அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கூடைப்பந்தில் சுமையாகிப்போன அதே உடலுக்கு அந்த மேடையில் விலை இருந்தது.

பின்வந்தவர்கள்

இந்தியாவில் கூடைப்பந்து வீரருக்கு நிலையான வாழ்வு என்பது பெரும்பாலும் ஒரு பணி நியமனமே: ரயில்வே, ஓஎன்ஜிசி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை, ராணுவம். அது இழிவன்று. பல குடும்பங்களை அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. கோட்டயத்தில் பிறந்து, தெற்கு ரயில்வே அணிக்காக ஆடிய சென்டர் கீது அன்னா ஜோஸ் 2011இல் அமெரிக்காவின் மகளிர் லீகான டபிள்யூஎன்பிஏ-வின் மூன்று அணிகளின் தகுதித் தேர்வில் பங்கேற்றார். இடம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் திரும்பி வர ஒரு வேலையும் ஓர் அணியும் இருந்தன.

பஞ்சாபின் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மற்றொரு சென்டர் அம்ரித்பால் சிங், பதின்ம வயதின் இறுதியில்தான் கூடைப்பந்தைத் தொட்டவர். 2014 ஜூலையில் ஊஹானில் சீனாவை 65-58 என்ற கணக்கில் வென்ற இந்திய அணியில் அவரும் ஆடினார். 2017இல் சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்து ஆஸ்திரேலியத் தொழில்முறை லீகுக்குள் நுழைந்த முதல் இந்தியரானார். லூதியானா பயிலகத்திலிருந்தும், கிரேட்டர் நொய்டாவில் 2017இல் தொடங்கப்பட்ட என்பிஏ அகாடமியிலிருந்தும் வந்த பிரின்ஸ்பால் சிங், 2020இல் ஜி-லீக்கின் இக்னைட் அணியில் இடம்பெற்றார். அடுத்த ஆண்டு கோடைகால லீக் பட்டம் வென்ற சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியிலும் இருந்தார். அவர் 6 அடி 9 அங்குல உயரமுள்ளவர், விரைந்து ஓடக்கூடியவர், வளையத்தடியில் மட்டும் நிற்பவரல்லர். தேர்வாளர்கள் இப்போது தேடுவது எத்தகைய உடலை என்பது அந்த உயரத்திலேயே தெரிகிறது.

இந்திய வம்சாவளியைச் சேர்ந்த, கனடாவில் பிறந்த 7 அடி 5 அங்குலச் சென்டர் சிம் புல்லர் 2015 ஏப்ரலில் அதே கிங்ஸ் அணிக்காக என்பிஏ களத்தில் இறங்கியிருந்தார். 2019 அக்டோபரில் மும்பையில் இண்டியானா பேசர்ஸ் அணியுடன் அந்த அணி இரண்டு காட்சி ஆட்டங்கள் ஆடியது. என்பிஏ-வின் முறையான பருவ ஆட்டத்தில் இந்தியக் குடியுரிமை கொண்ட வீரர் எவரும் இதுவரை ஆடவில்லை.