சமாதானப் பேச்சும் பெண்களின் ஆசனமும்

சண்டையிட்ட இரு தரப்பாரும் சமாதானம் பேச உட்காரும்போது, ஆயுதம் ஏந்தியவர்களுக்கே முதல் ஆசனம் கிடைக்கிறது. அச்சண்டையில் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்து, எஞ்சிய பாத்திரபண்டங்களோடு ஊர் ஊராக இடம்பெயர்ந்து, குடும்பம் சிதையாமல் காத்த ஸ்திரீகளுக்கு அங்கே இடமுண்டா என்ற வினாவை உலகம் நெடுங்காலம் எழுப்பவேயில்லை. ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 2000 அக்டோபர் 31 அன்று நிறைவேற்றிய 1325ஆம் தீர்மானமே, யுத்தத்தைத் தடுப்பதிலும் தீர்ப்பதிலும் பெண்களுக்குப் பங்கு வேண்டுமென்று முதன்முதலாக அச்சபையின் வாயிலாகச் சொன்னது.

அத்தீர்மானத்துக்கு நம் அண்டையிலேயே ஒரு பரீட்சை வந்தது. இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்டு, நார்வே தேசத்தின் அனுசரணையோடு தாய்லாந்திலும் ஆஸ்லோவிலும் பேச்சு நடந்தபோது, பிரதான மேசையில், புலிகள் குழுவின் செயலாளரான அடேல் பாலசிங்கத்தைப் போன்ற ஓரிருவர் நீங்கலாக, ஆடவரே வீற்றிருந்தனர். இக்குறையை நிவர்த்தி செய்யும் பொருட்டு, தரப்புக்கு ஐவர் வீதம் பெண்களே அடங்கிய ஓர் உபகுழு அமைந்தது. சரித்திர ஆசிரியை குமாரி ஜயவர்த்தன அரசுத் தரப்பிலும், மகளிர் அரசியல் பிரிவின் பொறுப்பாளர் தமிழினி புலிகள் தரப்பிலும் முன்னிற்க, 2003 மார்ச்சில் கிளிநொச்சியில் அது கூடியது. மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, ஜீவனோபாயம், அரசியல் பிரதிநிதித்துவம் ஆகிய அன்றாட வாழ்வின் விஷயங்களே அவர்கள் எடுத்துக்கொண்டவை. ஆனால் மறுமாதமே புலிகள் பேச்சிலிருந்து விலகினர். பிரதான மேசை கலைந்ததும், அதன் நிழலில் நின்ற உபகுழுவும் உடன் அற்றுப்போயிற்று. மேசைக்கு யோசனை சொல்லும் உரிமைதான் அவர்களுக்கு இருந்ததேயன்றி, மேசையை நிறுத்திவைக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

இதற்கு மாறானதொரு திருஷ்டாந்தம் வட அயர்லாந்தில் உண்டு. சமாதானப் பேச்சில் பங்கேற்போரைத் தெரிந்தெடுத்த 1996ஆம் ஆண்டுத் தேர்தலில், மிகுதியான வாக்குப் பெற்ற முதல் பத்துக் கட்சிகளுக்குத் தலா இரண்டு ஸ்தானங்கள் என்றொரு விதி இருந்தமையால், அவசரமாகத் தோன்றிய பெண்கள் கூட்டணி நூற்றுக்கு ஒன்றளவே வாக்குப் பெற்றும் மோனிகா மக்வில்லியம்ஸ், பெர்ல் சேகர் என்னும் இருவரை உள்ளே அனுப்பியது. யுத்தத்தில் பாதிக்கப்பட்டோரின் உரிமையும், இரு கிறிஸ்தவப் பிரிவுப் பிள்ளைகளும் ஒருங்கே கற்கும் கல்வியும் 1998 ஏப்ரல் 10ஆம் தேதிச் சமாதான உடன்படிக்கையில் இடம்பெற்றதில் அவர்களுடைய முயற்சிக்குப் பெரும் பங்குண்டு.

ஆசனம் கிடைப்பதும் கிடையாமற்போவதும் விதியைப் பொறுத்தவை என்பதற்கு, நம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரமே சாக்ஷி. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலையால் வாரிய உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை நுட்பமாக வகுத்து, இறைகட்டும் நிலமும், முப்பத்தைந்து முதல் எழுபது வரையிலான பிராயமும், வேத ஞானமும் தகுதிகளெனச் சொல்லிற்று. அந்தத் தகுதிகளுக்குள் பெண் நுழைய வழியில்லை. 2016இல் தமிழகச் சட்டமன்றம் உள்ளாட்சி ஸ்தானங்களில் சரிபாதியைப் பெண்களுக்கென ஒதுக்கிய பின்னர், 2021 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சித் தேர்தல் அவ்விதிப்படியே நடந்தது. குளத்தையும் பாதையையும் பற்றிய ஊராட்சிக்கே விதி தேவைப்படுமானால், யுத்தத்தை முடிக்கும் பேச்சுக்கு அது வேண்டாமென்பது எவ்விதம் பொருந்தும்?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரி முதல், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களைத் தாங்கித் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து பதில் கேட்டு வந்திருக்கின்றனர். இவர்களுக்கு அனுதாபம் தெரிவிப்பதோடு நிற்பது போதாது. எந்த நாடு இனி எங்கே மத்தியஸ்தம் செய்ய முன்வந்தாலும், ஒவ்வொரு தரப்பின் தூதுக்குழுவிலும் இத்தனை பெண்கள், அதுவும் கையெழுத்திடும் அதிகாரத்தோடு, இருத்தல் வேண்டுமென்று அழைப்பிலேயே நிபந்தனை விதிப்பது அதன் முதற் கடமையாகும்.